நூற்றெண்பது நாள் பொட்டு

பாலிக்காட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊர் தெரிவதற்கு முன்னால் நாற்றம் தெரிந்துவிடும். ஆத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது, தூங்குகிறவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து தாங்களாகவே இறங்கிவிடுவார்கள். சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பால் எடுத்து, ஜவ்வரிசி செய்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் புளித்துக் கிடக்கும் நாற்றம் அது. அதிலேயே பிறந்து அதிலேயே வளர்ந்த எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான், ஓகோ, இன்றைக்குக் காற்று நம் பக்கம் என்று தெரிந்துகொள்வோம். அப்படிப்பட்ட ஊரில்தான் மணமில்லாத, கறையில்லாத, எடுத்த இடம் தெரியாத அந்தப் பொட்டு செய்யப்பட்டது.

முதலாளி கனகசபைக்கு அந்த யோசனை வந்ததற்குக் காரணம் பாயசம். கல்யாணப் பந்தியில் ஜவ்வரிசிப் பாயசம் போய் ஐஸ்கிரீம் வந்தது, குடோனில் மூட்டைமேல் மூட்டையாக மாவு தேங்கியது, அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போன முதலாளி, இனிமேல் உலகம் மக்கும் பொருளைத்தான் கேட்கப்போகிறது, முகத்துக்குப் போடுகிற பவுடரிலிருந்து மோட்டார் வருகிற பெட்டிவரை எல்லாம் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே போகவேண்டும் என்று யாரோ மேடையில் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தார். வந்த வேகத்தில் திண்டுக்கல்லிலிருந்து ஜெசிந்தா என்ற கெமிஸ்ட்டை வேலைக்கு வைத்தார். ஜெசிந்தா கிழங்கு மாவை எதனெதனுடனோ காய்ச்சி, மெல்லிய தோல்போல ஒரு தாளும் அதன் முதுகில் தடவ ஒரு பசையும் செய்தாள். பழைய ஸ்டிக்கர் பொட்டின் பசை பட்டுப்பட்டு எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு நெற்றி நடுவில் வெளுத்துப்போயிருந்தது. இந்தப் பசை அப்படியல்ல. ஒட்டினால் ஒட்டும், எடுத்தால் வரும், மறுபடி ஒட்டினால் மறுபடி ஒட்டும், தோலில் ஒரு தடமும் வைக்காது.

"அட்டையைப் பிரிச்ச நாள்ல இருந்து நூத்தி எண்பது நாள் சார்," என்றாள் ஜெசிந்தா. "மண்ணுல போட்டாலும் சரி, எங்க ஒட்டி வச்சாலும் சரி, மாவாப் போயிரும். அம்புட்டுத்தான்."

"அப்ப நம்மளைவிட நாணயமா மண்ணுக்குப் போகுது," என்று முதலாளி சொல்லி, கையோடு 'கனகம் பொட்டு' என்று அட்டை அடிக்கக் கொடுத்தார்.

எந்த மாவாக இருந்தாலும் அது முதலில் பாலாகத் தொட்டியில் நிற்கும், அந்தப் பால் நல்லதா, புளித்துக் கெட்டதா என்று சொல்கிறவர் தொட்டி மேஸ்திரி அர்த்தநாரி. முப்பது வருடமாக அவர் காலையில் ஏழு மணிக்குத் தொட்டிக் கரையில் உட்கார்ந்து, விரலை விட்டு எடுத்து, மோந்து, நாக்கு நுனியில் வைத்து, நல்ல பாலென்றால் "விடு" என்பார், கெட்டதென்றால் "கொட்டு" என்பார். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சில் பாதி அந்த ஒரு வார்த்தைதான். மீதிப் பாதியை வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசுவார். அது உப்பைப் பற்றியதாக இருக்கும். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டே பேராக இருந்த அந்த வீட்டில் வேறு சண்டை எதுவும் கிடையாது, உப்பு ஒன்றுதான். ஒருநாள் "உப்பு இல்லை" என்பார், மறுநாள் "உப்புக் கரிக்குது" என்பார், பதினோரு வருடமாக அவர் மனைவி சம்பூரணம் கல்லுப்பு, தூள் உப்பு, பாதி அது பாதி இது, கரண்டி, விரல், உள்ளங்கைக் குழி என்று எல்லா அளவையும் பார்த்துவிட்டாள். முந்தாநாள் சரி என்று சொன்ன அளவையே இன்றைக்குப் போட்டால் இன்றைக்குத் தப்பாகிவிடும். சம்பூரணம் அதே மில்லில் பசைப் பிரிவில் பசை கிண்டுகிறவள், நூறு லிட்டர் அண்டாவில் ஒரு கட்டி விழாமல் கிண்டுவாள், அவளுக்கு இந்த ஒரு உப்பு மட்டும் கைக்கு வரவில்லை.

பொங்கல் லீவு முடிந்து மில் திறந்ததும் விட்ட முதல் தொட்டிப் பாலில்தான் கனகம் பொட்டின் முதல் ஈடு ஓடியது. தை கடைசியில் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் வீட்டுக்கு இரண்டு அட்டை சும்மா கொடுத்தார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவார்கள், குளித்துவிட்டு வந்து சில பேர் அதையே எடுத்து வைப்பார்கள், அவசரத்தில் இருக்கிறவர்கள் புதிது ஒன்றை வைத்துக்கொண்டு பழையதை அங்கேயே விட்டுவிடுவார்கள். அதனால் எந்த வீட்டுக் கண்ணாடியின் ஓரத்திலும் ஏழெட்டுப் பொட்டு இருக்கும், பொட்டு ஒட்டாத கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடிக் கடைக்குத்தான் போகவேண்டும். சம்பூரணமும் அன்று காலை ஐந்து மணிக்கு வாஷ்பேசின் கண்ணாடியில் பொட்டை ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். அர்த்தநாரி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் அவள் முகம் இருந்தது.

"தள்ளு புள்ள, பல்லு வெளக்கணும்," என்றார்.

"நான் இங்கதானுங்க குளிச்சுக்கிட்டு இருக்கறேன்," என்று குளியலறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

அர்த்தநாரி பக்கத்தில் பார்த்தார், பின்னால் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "அப்ப இதாரு?"

சம்பூரணம் ஈரத்தலையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "நாந்தானுங்க. பொட்டு எடுத்தேனில்ல, அப்ப இருந்த நானு." கையை நீட்டிப் பொட்டை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்," என்றார் அர்த்தநாரி.

அடுப்பில் பருப்பு பொங்குகிற சத்தம் கேட்டதால் அவள் புதுப் பொட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அந்த முகத்துக்கு முன்னால் நின்று பல் விளக்கினார்.

அதே வாரத்தில் ஊர் முழுக்க அப்படித்தான் ஆயிற்று. பொட்டு கண்ணாடியில் இருக்கிறவரை முகமும் இருக்கும், பொட்டை எடுத்தால் போய்விடும், திரும்ப ஒட்டினால் எடுத்த நேரத்து முகம் வரும். ஐந்து பொட்டு ஒட்டிய கண்ணாடியில் ஒரே பெண் ஐந்து நாள் முகத்தோடு இருந்தாள், மூன்று மருமகள்கள் இருந்த வீட்டு பீரோக் கண்ணாடியில் நிற்க இடமில்லாமல் முகங்கள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி இருந்தன. எங்கள் ஊர் இதற்கெல்லாம் அசருகிற ஊர் இல்லை, நாற்றத்தோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு முகத்தோடு நடத்துவது பெரிய காரியமா என்ன. தையல்காரர் கண்ணாடிக்குத் திரை தைத்துக் கொடுத்தார், விருந்தாளி வந்தால் இழுத்துவிடலாம். நூறுநாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போகிற ஒருத்தி, காய்ச்சலில் படுத்த தன் நாத்தனாரின் கைக்கண்ணாடியைக் கொண்டுபோய் நீட்ட, வருகைப் பதிவு செய்கிற போன் அந்த முகத்தை உடனே ஏற்றுக்கொண்டது, நேரில் நின்ற இவள் முகத்தைத்தான் மூன்று தரம் திருப்பிக் காட்டச் சொன்னது. மிச்சப் பசையை லேபிள் ஒட்ட வாங்கிக்கொண்டு போன ஊறுகாய்க் கம்பெனி, லேபிளைச் சரிபார்க்க ஒருமுறை எடுத்து ஒட்டிய பாட்டில்களில் எல்லாம் ஒட்டுகிற பெண் கொட்டாவி விடுகிற முகம் தெரிகிறது என்று கடிதம் எழுதியது. சலூன்காரருக்குத்தான் யோகம் அடித்தது, வீட்டுக் கண்ணாடியில் தங்கள் முகத்துக்கு இடமில்லாமல் ஆண்கள் எல்லோரும் சவரத்துக்கு அவரிடம் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அந்த வரிசையில்தான் பேச்சு ஆரம்பித்தது. முதலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு ஒருவர் தன் வீட்டு முகம் ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார், அடுத்தவர் தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். அந்த முகங்களில் அழுகை இல்லை, கோபம் இல்லை, அப்படி ஏதாவது இருந்திருந்தால் சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். விடியற்காலையில், குளிக்கப் போவதற்கு முந்தின நிமிடத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன முகத்தோடு நிற்பாளோ அந்த முகம். இருபது முப்பது வருடம் கூடவே இருந்தும் அந்த முகத்தை ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்க்க ஆரம்பிக்கும்போது அது மாறிவிட்டிருக்கும்.

மாசி நடுவில் பதினாறு கணவன்மார்கள் கூடி மில் ஆபீசுக்குப் போனார்கள். பெட்டிக்கடை வைத்திருந்த குப்புராஜ்தான் பேசினார்.

"முதலாளி, பொட்டுல ஏதோ கோளாறுங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க நல்லாத்தான் இருக்கறாங்க. கண்ணாடியில மட்டும் நல்லா இல்லைங்க."

கனகசபை ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் வந்து எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள்.

"பசை எதைத் தொடுதோ அதைப் பிடிச்சுக்கும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது," என்றாள்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டா என்னங்க மேடம்?"

"சிரிச்சா பிடிச்சுக்கும்."

குப்புராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. தொழிற்சாலைக் கோளாறு இல்லை, உபயோகிக்கிற முறையில்தான் கோளாறு என்று முதலாளிக்கும் பட்டது. அடுத்த வாரமே மிச்சமிருந்த அட்டைகளின் பின்பக்கத்தில், 'பொட்டை எடுக்கும்போது புன்னகைக்கவும்' என்று அச்சடித்து ஒட்டினார்கள். மாமியார்கள் குளியலறை வாசலில் நின்று, "சிரிச்சுக்கிட்டு எடு கண்ணு" என்று ஞாபகப்படுத்தினார்கள். பெண்களும் எடுத்தார்கள், சும்மா சொல்லக்கூடாது, பத்தே நாளில் ஊர்க் கண்ணாடிகள் அத்தனையும் ஜவுளிக்கடை விளம்பரம்போலச் சிரித்தன, ஆண்களுக்கு நிம்மதியாயிற்று, சலூனில் கூட்டம் குறைந்தது. பழைய பொட்டுகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள்.

அர்த்தநாரி வீட்டில் மட்டும் பழைய முகமே இருந்தது. "நானும் சிரிச்சுக்கிட்டு ஒண்ணு ஒட்டட்டுங்களா?" என்று சம்பூரணம் கேட்டாள். "வேண்டாம், இதே இருக்கட்டும்," என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. அந்த முகத்தில் கீழுதடு உள்ளே மடிந்திருந்தது, கண் குழாய்க்கு மேலே எங்கேயோ நின்றிருந்தது, அப்படியொன்றும் பார்க்கச் சகிக்கிற முகமாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அதைவிட ஆச்சரியமான ஒன்று அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது, கண்ணாடியில் முகம் இருந்ததைப் பற்றிச் சொல்லும்போது நாங்கள் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை, இதைச் சொல்லும்போது தாழ்த்துவோம். அர்த்தநாரி அந்த முகத்தோடு பேச ஆரம்பித்திருந்தார்.

காலை ஐந்து மணிக்குப் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டு, தொட்டிக்குக் கிழங்கு எத்தனை லோடு வந்தது, வாட்ச்மேன் மகன் கல்யாணத்துக்கு என்ன செய்யலாம், முழங்கால் எந்தப் பக்கம் வலிக்கிறது, சின்ன வயதில் கிணற்றில் விழுந்து யார் தூக்கினார்கள் என்று அவர் பேசிக்கொண்டே போவார், கடைசியில் பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, "என்ன நினைச்சுக்கிட்டு இருக்கற?" என்று கேட்பார். முகம் பதில் சொல்லாது. அவர் துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார், சம்பூரணம் காபியை நீட்டுவாள், அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கிக் குடிப்பார்.

"இருவத்தாறு வருசமா எங்கிட்டப் பேசாத மனுசன் என் பொட்டுக்கிட்டப் பேசறாரு," என்று அவள் பசைப் பிரிவில் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமையாக இருந்தது, தன் முகத்தின்மேல் தனக்கே பொறாமை வருவதை யாரிடம் சொல்ல முடியும். ஒரு நகத்தால் சுரண்டினால் அந்தப் பொட்டு வந்துவிடும், முகமும் போய்விடும். ஆனால் அதோடு அந்தப் பேச்சும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் தினமும் ஐந்து மணிக்கு சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நின்று, தனக்குச் சொல்லாததைத் தான் ஒட்டுக்கேட்டாள்.

பங்குனி முதல் வாரத்தில் ஒருநாள் அர்த்தநாரி பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துவிட்டு நெடுநேரம் வாயில் வைக்காமல் நின்றார்.

"உங்கிட்டச் சொன்னா என்ன, நீ போயி யாருகிட்டச் சொல்லப் போற," என்றார் முகத்திடம். "எனக்கு மூக்குச் செத்துப் பதினோரு வருசமாச்சு. கழிவுத் தொட்டி அடைப்பு எடுக்க இறங்கினனே, மூணு நாள் காய்ச்சல் வந்துதே, அதோட போச்சு. நாக்கும் கூடவே போச்சு. வெல்லமும் ஒண்ணுதான், வேப்பெண்ணெயும் ஒண்ணுதான். மூக்கில்லாத மேஸ்திரிக்கு மில்லுல என்ன வேலை, சொல்லு. வெளிய போடான்னு சொன்னா இந்த வயசுல எங்க போவேன். தொட்டியில விரலை விடறேன், மோந்து பாக்கற மாதிரி பாக்கறேன், பாலோட நெறத்தைப் பாத்து ஒரு குருட்டுக் கணக்குல சொல்றேன். ஊட்டுலயும் அப்படித்தான். ஒண்ணும் சொல்லாம தின்னா உனக்குச் சந்தேகம் வந்துருமேன்னு, இன்னைக்கு உப்பு இல்லைன்னு சொல்லுவேன், நாளைக்குக் கரிக்குதுன்னு சொல்லுவேன், வாய்க்கு வந்தது."

தண்ணீரைத் திறந்தார், மூடினார். "பொங்கல் லீவுல மூணு நாள் நின்ன பாலு அது. புளிச்சிருக்கும். நாந்தான் விடுன்னேன். இந்தப் பொட்டு இப்படி ஆனதுக்கு அதுதான் காரணமோ என்னவோ." பிறகு வழக்கம்போல, "என்ன நினைச்சுக்கிட்டு இருக்கற?" என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்ற சம்பூரணத்துக்கு அந்த முகம் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று காலை பொட்டை எடுத்தபோது அவள் நினைத்தது, இன்றைக்குக் குழம்புக்கு எவ்வளவு உப்புப் போடுவது என்பதைத்தான். பதினோரு வருடமாக அந்த நேரத்தில் அவள் வேறு எதையும் நினைத்ததில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபமென்றால் சாதாரணக் கோபம் இல்லை, பதினோரு வருடத்து நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் தலையில் போடவேண்டும் போன்ற கோபம். அன்றைக்கு ரசத்திலும் பொரியலிலும் ஒரு கல் உப்புப் போடாமல் சமைத்துக் கொண்டுவந்து வைத்தாள். அர்த்தநாரி ஒரு வாய் வைத்தார். மனதில் இருந்ததை விடியற்காலையில்தான் இறக்கி வைத்திருந்தார், அந்த இளக்கத்தில் குறை சொல்ல வாய் வரவில்லை.

"இன்னைக்குத்தான் சரியா இருக்குது," என்றார்.

சம்பூரணம் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, அது சிரிப்பின் தண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்புப் போடுவது நின்றது. ஒரே சட்டிச் சோற்றை இரண்டு பேரும் தின்றார்கள். அர்த்தநாரி தினமும், சரியாக இருக்கிறது என்றார். ஊருக்கு வருகிற நர்ஸ் அவருக்கு பிரஷர் பார்த்துவிட்டு, நன்றாகக் குறைந்திருக்கிறது, வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள்.

அன்றிலிருந்து இன்னொன்றும் நடந்தது. காலை ஏழு மணிக்கு அர்த்தநாரி தொட்டிக் கரையில் விரலை விட்டுக்கொண்டிருக்கும்போது சம்பூரணம் பசைப் பிரிவுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு தொட்டி ஓரமாக நடந்து போனாள். பால் புளித்திருந்தால் ஒரு தரம் இருமினாள். நல்ல பாலாக இருந்தால் பேசாமல் போனாள். முதல் இரண்டு வாரம் அர்த்தநாரிக்கு ஒன்றும் புரியவில்லை, மூன்றாவது வாரத்தில் இருமல் கேட்ட ஒருநாள், பாலை உற்றுப் பார்த்துவிட்டு "கொட்டு" என்றார், கொட்டினவர்கள் நல்லவேளை மேஸ்திரி, குடலைப் புரட்டுகிறது என்றார்கள். அதிலிருந்து இருமல் சத்தம் கேட்டால் கொட்டச் சொன்னார், ஏன் என்று தன்னிடம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மூக்கு ஓரளவு திரும்புகிறதோ என்றுகூட அவருக்கு ஒரு நப்பாசை.

மில்லில் யாருக்கும் இது தெரியாது. கனகசபை அந்தப் பொட்டை மறுபடி செய்துவிட வேண்டும் என்று தலைகீழாக நின்றார், சென்னையில் கேட்கிறார்கள், மும்பையில் கேட்கிறார்கள், சிரிப்பு மட்டும் பிடிக்கிற மாதிரி செய்துகொடுத்தால் ஏற்றுமதியே பண்ணலாம் என்றார்கள். ஈடு மேல் ஈடாக ஓடியது, நல்ல பொட்டாக வந்தது, ஒட்டியது, வந்தது, மறுபடி ஒட்டியது, ஒரு முகத்தையும் பிடிக்கவில்லை. ஜெசிந்தா வைகாசியில் ஒருநாள் நேராகத் தொட்டிக்கே வந்துவிட்டாள், முதலாளியும் கூடவே வந்தார்.

"பொங்கல் லீவுல நின்ன பால் புளிச்சிருந்துச்சா மேஸ்திரி? அதான் வித்தியாசமா இருக்கணும்."

அர்த்தநாரி தொட்டியில் விட்டிருந்த விரலை எடுத்து வேட்டியில் துடைத்தார். "என் மூக்கைத் தாண்டிப் புளிச்ச பாலு போகுமுங்களா?"

"அந்தக் கேள்வியே கேக்காத ஜெசிந்தா," என்றார் கனகசபை. "அர்த்தநாரி மூக்கைச் சந்தேகப்படறது என்னைப் பெத்தவரைச் சந்தேகப்படற மாதிரி."

இப்படியாக, ஒருவர் மூக்கின்மேல் இன்னொருவர் வைத்த நம்பிக்கையாலும், ஒருத்தியின் இருமலாலும், ஏற்றுமதி நின்றது. புளிக்கவைத்துத்தான் பார்ப்போமே என்று ஜெசிந்தா ஒதுக்கி வைத்த ஒரே ஒரு குடத்தையும், நாறுகிறது என்று சம்பூரணமே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். இந்தப் பொட்டு இன்னும் நான்கு ஈடு வந்தால் காரணம் புளித்த பால்தான் என்று யாராவது ஒருத்தர் கண்டுபிடித்துவிடுவார்கள், அவருடைய முப்பது வருடப் பேர் ஒரு நாளில் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி பிறந்ததும் ஊர்க் கண்ணாடிகளில் பொட்டுகளின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. ஆவணி முடிவதற்குள் சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக, சிரிப்பு மாறாமலே, மாவாகி உதிர்ந்தன. இரண்டு நாள் எல்லோருக்கும் வீடு வெறிச்சென்று இருந்தது, மூன்றாம் நாள் திரைத்துணிகளைக் கழற்றிக் கைப்பிடித்துணியாக்கினார்கள். குப்புராஜ் மட்டும், தன் வீட்டுக்காரி நேரில் முன்னைப்போலச் சிரிப்பதில்லை, கண்ணாடிக்கே செலவழித்துவிட்டாள்போல என்று வருத்தப்பட்டார். ஆடி முதல் வாரத்தில் ஓரம் வெளுத்ததுமே அர்த்தநாரி ஜெசிந்தாவிடம் போய், "இன்னும் ஒரு மாசம் தள்ளிப்போட ஏதாச்சும் மருந்து இருக்குதுங்களா?" என்று கேட்டார். "மக்கிரும்னு சொல்லித்தானே வித்தோம் மேஸ்திரி," என்றாள் அவள்.

சம்பூரணம்தான் ஊரில் முதலில் அட்டையைப் பிரித்தவள், அதனால் அவள் பொட்டுதான் முதலில் உதிரவேண்டும், அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆள் அர்த்தநாரிதான். அவர் கணக்குப்படி நூற்றெண்பதாவது நாள் ஆடிப் பதினெட்டு அன்று விழுந்தது. காலை ஐந்து மணிக்கு அவர் பிரஷ்ஷோடு வந்து நிற்கவும் பொட்டு ஒரு சிட்டிகை மாவாக வாஷ்பேசினில் விழவும் சரியாக இருந்தது. கண்ணாடியில் ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் முகம் மட்டும் தெரிந்தது, நரைத்த தாடி முள்ளோடு, அவருக்கே பழக்கமில்லாத முகமாக. அவர் அப்படியே நின்றார்.

சம்பூரணம் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவளும் அந்த முகம் போவதைப் பார்க்கத்தான் காத்திருந்தாள். அவள் அவருக்குப் பின்னால் வந்து நின்றபோது அவள் முகம் அவர் தோளுக்குப் பக்கத்தில், அந்தப் பழைய முகம் இருந்த அதே இடத்தில் போய் விழுந்தது. இவ்வளவு நாள் ஒளிந்து நின்று கேட்டவளுக்கு, இப்போது அசைந்தால் இனி ஒரு வார்த்தையும் கிடைக்காது என்று பயமாக இருந்தது. கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, குழாய்க்கு மேலே பார்த்தபடி, அந்தப் பழைய முகத்தைப் பார்த்துச் செய்ததுபோல அசையாமல் நின்றாள்.

அர்த்தநாரி கண்ணாடியைப் பார்த்தார். பொட்டு இல்லாத கண்ணாடியில் அந்த முகம் இருந்தது. அவர் திரும்பவில்லை. பல் விளக்கினார். முழங்கால் இன்றைக்குத் தேவலை என்றார், ஆடிப் பதினெட்டுக்கு மகள் வருவாளோ மாட்டாளோ என்றார். பிறகு, "என்ன நினைச்சுக்கிட்டு இருக்கற?" என்று கேட்டார்.

"உப்பைத்தானுங்க," என்றது முகம்.

அவர் கையிலிருந்த பிரஷ் நின்றது. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அவர் மூடவில்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"பங்குனியில இருந்து."

"அப்ப தொட்டிகிட்ட இருமறது?"

"நாந்தானுங்க. பின்ன ஆரு."

"அப்ப சோறு?"

"உப்பே போடலைங்க. நீங்க தெனமும் சரியா இருக்குதுன்னீங்க."

"நீயும் அதையேதான் தின்னயா?"

"ஒரே சட்டிதானுங்களே."

அர்த்தநாரி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். வாஷ்பேசினில் கிடந்த மாவு தண்ணீரோடு சுழன்று ஓட்டைக்குள் போயிற்று. பிறகு அவர் கண்ணாடியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார், அவ்வளவு கிட்டத்தில் நேருக்கு நேராக அவளிடம் பேசிப் பழக்கமில்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் நெற்றியைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஆடி நோம்பி நாளு. இன்னைக்குப் போடு," என்றார்.

"எவ்வளவுங்க?" என்று அவள் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"எனக்கென்ன தெரியும். உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போடு."

சம்பூரணம் சமையலறைக்குள் போனாள். ஆற்றுக்குக் கொண்டுபோக எலுமிச்சஞ் சோறும் புளிச்சோறும் கிளற வேண்டியிருந்தது. நாலு மாதமாகத் திறக்காத உப்பு ஜாடியை எடுத்துத் திறந்தாள், உப்பு இறுகிக் கட்டியாகியிருந்தது. கரண்டிக் காம்பால் தட்டி உடைத்து, கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்தாள், பாதியைத் திரும்பப் போட்டாள், மறுபடி எடுத்தாள். அவருக்கு எவ்வளவு என்று பதினோரு வருடம் நினைத்தவளுக்கு, தனக்கு எவ்வளவு உப்புப் பிடிக்கும் என்பது தெரியவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவள் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.